சும்மா ஓடாத எஞ்சினும் சன்னாசி அண்ணனின் லீவும்

ராசியில்லாதவர் என்று பெயர் எடுப்பது மோசமா, வேலையில் தப்புச் செய்தவர் என்று பெயர் எடுப்பது மோசமா? ஆறு வருடமாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. துணி காயப்போடும்போது ஒரு பதில் தோன்றும். அதே துணியை மடிக்கும்போது அந்தப் பதில் தப்பு என்று தோன்றும்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி துறையிலிருந்து கேட்டார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், அவ்வளவுதான். ஆனால் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, "எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டும்" என்று பேசி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எனக்கே என்னை ஓய்வு பெற்றவளாகத்தான் நினைக்க முடிகிறது. ஆகவே எழுதுகிறேன். எந்தத் திருகை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது உங்களுக்குப் பயன்படுமா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

நான் சேர்ந்த வருடம்தான் கல்லூரியில் விமானப் பொறியியல் துறை ஆரம்பித்தது. மாதிரி விமானங்களில் பொருத்தும் குட்டி ஜெட் எஞ்சின் ஒன்றை வாங்கி, இரும்புத் தாங்கியில் முடுக்கி வைத்திருந்தார்கள். பெரிய பிளாஸ்க் அளவுதான் இருக்கும். ஆனால் ஓட ஆரம்பித்தால் பக்கத்துச் சோளக்காட்டு மயில்கள் எல்லாம் பதிலுக்குக் கத்தும். அந்த எஞ்சினைப் பார்த்துக்கொள்வதற்காகவே என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அப்போது என் பெரியவளுக்கு இரண்டு வயது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். என்னிடம் போய் நெருப்புக் கக்கும் எஞ்சினைக் கொடுத்திருந்தார்கள்.

ஆய்வகத்தில் எனக்குத் துணை சன்னாசி அண்ணன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், அட்டெண்டர், ஆத்தூர்க்காரர். இன்றைக்கு அவர் எஞ்சின் ஓடும்போது வாசலுக்கு வெளியே நிற்கிறார் அல்லவா? அன்றைக்கு அப்படி இல்லை. கல்லூரியில் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் முதல் பொத்தானை அழுத்துவது அவர்தான். கடைசல் இயந்திரம் முதல் அலுவலக ஜெராக்ஸ் வரைக்கும் அவர் கைதான். முதல்வரே ஆள் விட்டு அழைப்பார். அண்ணன் முகம் கழுவி, தலை சீவி, சட்டைப் பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு போவார்.

"இந்தக் கை தொட்ட எதுவும் இதுவரைக்கும் நின்னதில்ல தாயி" என்பார். நின்றுபோன இயந்திரங்களும் இருந்தன. அவை மற்றவர்கள் தொட்டபோது நின்றவை.

அந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது எஞ்சினுக்கு ஒரு வியாதி வந்தது. அது பற்றிக்கொள்ளும், வேகம் பிடிக்கும், மீட்டரில் முழு வேகம்கூடக் காட்டும். ஆனால் குறைந்த வேகத்தில் நிலையாக ஓடு என்று விட்டால் ஓடாது. ஐடில் என்று நாம் சொல்வது அதைத்தான். கொஞ்சம் ஏறும், இறங்கும், இருமும், அணைந்துவிடும். காலையில் இரண்டு மூன்று தடவை இப்படிப் படுத்திவிட்டு, பத்தரை மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

சன்னாசி அண்ணன் ஐடிலுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தார். சும்மா ஓட்டம்.

"வேலை செய்யின்னா செய்யுது. செத்த நேரம் சும்மா இருன்னாத்தான் இருக்க மாட்டேங்குது. எங்க வீட்ல ஒருத்தி இருக்கா, இதே சாதிதான்."

"அண்ணே, இன்னும் மூணு வாரத்துல இன்ஸ்பெக்சன். நீங்க வேற."

"அவளும் விருந்தாளி வந்தா அடங்கிருவா தாயி. இதுவும் அடங்கிரும்."

அந்த இன்ஸ்பெக்சனில் எஞ்சின் இரண்டு நிமிடம் சும்மா ஓட வேண்டும். ஓடினால் ஆய்வகத்துக்கு அனுமதி கிடைக்கும், என் வேலை நிரந்தரமாகும். ஓடாவிட்டால் எஞ்சின் பெட்டிக்குள் போகும், நான் வீட்டுக்குள் போவேன். துறைத்தலைவர் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. "எல்லாம் உங்க கையிலதாம்மா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்பும் கையைக் கழுவிக்கொண்டேன்.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மண்ணெண்ணெயில் எண்ணெய் கலப்பது என் வேலை. குழந்தைக்குப் பால்பவுடர் எண்ணிப் போடும்போது யாராவது கூப்பிட்டால் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகும், கொட்டிவிட்டு மறுபடி எண்ணுவேன். அதேபோல் எண்ணெயையும் அளந்து, சந்தேகப்பட்டு, மறுபடி அளந்தேன். எஞ்சின் இருமியது. மண்ணெண்ணெயை மாற்றினேன், இருமியது. பேட்டரியை மாற்றினேன், அதற்கும் இருமியது. விற்றவருக்குப் போன் போட்டால், "ஐடில் வேகத்தைக் கொஞ்சம் ஏத்திப் பாருங்க மேடம், சரியாகலேன்னா இறக்கிப் பாருங்க" என்றார். இதைச் சொல்ல அவர் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. நன்றி சார் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு ஒரு நீளமான நோட்டு போட்டேன். தேதி, நேரம், வெயிலா மழையா, பேட்டரி, மண்ணெண்ணெய் எந்தக் கேன், கரண்ட் போனதா, ஆய்வகத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் "பாப்பாவுக்குக் காய்ச்சல் உண்டா" என்பது. காய்ச்சல் இருந்தால் எனக்குக் கவனம் இருக்காது, அதையும் எழுதுவதுதான் நேர்மை என்று நினைத்தேன். பன்னிரண்டு நாள் எழுதியும் ஒன்றும் புலப்படவில்லை. பாப்பாவின் சளி எப்போது வருகிறது என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

இந்தச் சமயத்தில் சன்னாசி அண்ணன் குஜிலியம்பாறையில் மச்சான் வீட்டுக் கெடா வெட்டுக்கு மூன்று நாள் லீவு போட்டார். மூன்று நாளும் எஞ்சின் காலை எட்டரைக்கே பற்றிக்கொண்டு, பால் குடித்த குழந்தை மாதிரி சீராக ஓடியது. நான்காம் நாள் அவர் கறிக்குழம்புத் தூக்கோடு வந்தார். எஞ்சின் இருமியது. அடுத்த வாரம் பல்வலி என்று ஒரு நாள் வரவில்லை. அன்றும் எஞ்சின் ஒழுங்காக ஓடியது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நோட்டை மூடிவைத்து யோசித்திருக்க வேண்டும். ஆனால் கடமையாக, சிவப்பு மையால், அவர் பெயர் இருக்கும் கட்டங்களுக்குக் கீழே கோடு போட்டேன். கோடு காய்வதற்குள் துறைத்தலைவர் வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"இல்ல சார், சும்மா, ஒரு பொருத்தம் மாதிரி தெரிஞ்சுது. அதுக்கு அர்த்தம் எதுவும்..."

"அவர் வந்தா ஓடல. வராட்டி ஓடுது."

"அப்படி நேராச் சொல்ல முடியாது சார்."

"நீங்கதானம்மா கோடு போட்டிருக்கீங்க?" நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். அவர் வெப்ப இயக்கவியலில் பட்டம் பெற்றவர். "சரி, ரொம்ப நல்லதாப் போச்சு. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு அவரை லீவு போடச் சொல்லிருங்க."

"சார், காரணம் என்னன்னு பாக்க வேணாமா?"

"காரணத்தை அப்புறம் ஆராய்ச்சி பண்ணிக்கலாம்மா. இன்ஸ்பெக்சன் வியாழக்கிழமை."

மாலைக்குள் கேண்டீன் வரைக்கும் பரவிவிட்டது. டீ மாஸ்டர், "அண்ணே, தள்ளி நில்லு, பால் திரிஞ்சிரும்" என்று சொல்லிச் சிரித்தாராம். சன்னாசி அண்ணன் என்னிடம் வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருபவர், அன்று மேசைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏந்தாயி, நோட்டுல எம்பேரை எழுதிச் சிவப்புல கோடு போட்டிருக்கியாமே?"

"அண்ணே, அது கணக்குக்காக..."

"சரி, கணக்குன்னா எழுதத்தான் செய்யணும்." எஞ்சின் பக்கம் திரும்பினார். "நான் போயி நின்னா அதுக்கு ஆகலையோ?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. எஞ்சினுக்கு யார் நிக்கிறான்னு எப்படித் தெரியும்?"

"அப்பொறம் ஏன் தாயி லீவு போடச் சொல்றாக?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வியாழக்கிழமை வரமாட்டேன். நீ பயப்படாத. பிள்ளைக்காரி, வேலை நிலைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பழுது பார்க்கும் நோட்டில் யார் வந்தார் என்று எழுதாதீர்கள். என்ன செய்தார் என்று எழுதுங்கள். நான் என் நோட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவர் என்ன செய்தார் என்பதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எட்டு மணிக்கு வருவார். ஒவ்வொரு இயந்திரமாக, மூடி இருந்தால் அதையும் கழற்றி, துடைப்பார். பிள்ளையார் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். அப்புறம் வரிசையாக எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். எங்கள் ஆய்வகத்தில் தீயணைப்பு உருளைக்குக்கூடப் பொட்டு உண்டு. நான் கத்தோலிக்க வீட்டுப் பெண், ஆனாலும் எனக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரிந்ததில்லை. பொட்டு இல்லாத இயந்திரத்தைப் பார்த்திருந்தால்தான் கண் அங்கே நின்றிருக்கும்.

வியாழக்கிழமை வந்தது. ஆய்வுக் குழுவினர் மூன்று பேரைத் துறைத்தலைவர் விடியற்காலையில் கொடைரோட்டுக்கே போய் ரயிலடியில் வரவேற்று அழைத்து வந்தார். அன்றே மலைக்குப் போய்ச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு வண்டி தயாராக நின்றது. அதனால் எல்லாவற்றையும் நின்றுகொண்டே பார்த்தார்கள். தாளாளரின் மனைவியும் பட்டுப்புடவையில் வந்திருந்தார். ஆயுத பூஜையன்று எஞ்சினுக்குத் தன் கையாலேயே முதல் பொட்டு வைத்தவர் அவர்.

"இவங்கதான் எஞ்சினைப் பாத்துக்கிறாங்க" என்று துறைத்தலைவர் என்னை முன்னால் தள்ளினார். குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு நிமிஷம் நிலையா ஓடினாப் போதும்மா" என்றார்.

முன்பக்கம் காற்று ஊதிப் பற்றவைத்தேன். எஞ்சின் பற்றியது, ஏறியது. வெளியே மயில் கத்தியது. ஐடிலுக்கு விட்டேன். ஏறி, இறங்கி, இருமி, அணைந்தது.

"முதல் தடவை அப்படித்தான் சார் இருக்கும், சூடாகணும்" என்றார் துறைத்தலைவர். எனக்கு அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியாது.

இரண்டாவது தடவையும் அணைந்தது. குழுவில் ஒருவர் ஜன்னல் வழியாகத் தன் வண்டி நிற்கிறதா என்று பார்த்தார். "இன்னும் ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பலாமா?" என்றார் குழுத் தலைவர்.

ஒரே ஒரு தடவைதான் பாக்கி. வழக்கமாக மூன்றாவது அல்லது நான்காவது தடவையில் ஓடிவிடும். மூன்றாவதாக இருந்தால் பிழைத்தேன், நான்காவதாக இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். துறைத்தலைவர் கண்ணாலேயே "போடும்மா, போடும்மா" என்றார். என் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போனது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. என் நோட்டின்படி இன்றைக்கு இது முதல் தடவையிலேயே ஓடியிருக்க வேண்டும். சன்னாசி அண்ணன் வரவில்லை. அப்படியும் ஓடவில்லையென்றால் நோட்டு தப்பு.

பயத்தில் இருப்பவளுக்குத் தான் தப்பு என்று தெரிவதைப்போல் ஆறுதல் வேறு இல்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, ஆளை விட்டு எஞ்சினையே பார்ப்போம் என்று அதன் முன்பக்கத்து வலை மூடியைக் கழற்றினேன். உள்ளே நடுவில் ஒரு நட்டு இருக்கும், உங்களுக்குத் தெரியும். அதில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. பக்கத்தில் உள்ள, ஒளியை உணரும் சின்னக் கண், வெள்ளை ஒரு தடவை வந்தால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றியதாக எண்ணும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி மண்ணெண்ணெயைக் கூட்டும், குறைக்கும்.

அந்த நட்டின் கறுப்புப் பாதியில், கட்டைவிரல் அகலத்துக்கு ஈரம் காயாத சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

வெள்ளைப் பக்கம் வைத்தால் எடுப்பாகத் தெரியாது என்று அண்ணன் கறுப்புப் பக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறார்! கண்ணுக்கு அது இரண்டாவது வெள்ளை. ஒரு சுற்றை இரண்டாக எண்ணி, எஞ்சின் இரட்டை வேகத்தில் பறக்கிறது என்று பெட்டி பயந்துபோய் மண்ணெண்ணெயைக் குறைத்திருக்கிறது. பாவம், எஞ்சின் மூச்சுவிட முடியாமல் அணைந்திருக்கிறது. மற்ற நாட்களில் காய்ந்த சந்தனம் இரண்டு மூன்று ஓட்டத்தில் உதிர்ந்துவிடும், பிறகு சரியாகிவிடும். அவர் வராத நாளில் பொட்டே இல்லை. இன்றைக்கு அளவு பெரியது, அதனால் இன்னும் ஈரம் காயவில்லை. லீவு போட்ட மனிதர், எனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று யாரும் வருவதற்கு முன்பே வந்து, கூடக் கொஞ்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இவ்வளவும் எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. துடைக்கக் கையை நீட்டினேன். அடுத்த நொடியில் வேறொன்று புரிந்தது. நான் சிலுவைச் சங்கிலி போட்டிருக்கிறேன். எனக்கு நேர் பின்னால் தாளாளரின் மனைவி நிற்கிறார்.

"என்னம்மா பாக்குற? அது தினமும் நான் வைக்கச் சொன்ன பொட்டுல்ல?" என்றார்.

"ஆமாங்கம்மா" என்றேன். "உள்ள இருக்கவும் யார் கண்ணுக்கும் தெரியல. மேல எடுத்து வச்சா எல்லாரும் பாப்பாங்க."

அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. "நல்லதுதான். மேலயே வையி" என்றார்.

நான் பொட்டை அழிக்கவில்லை. இடம் மாற்றினேன். சந்தனத்தை விரலால் வழித்து எஞ்சினின் நெற்றி மாதிரி இருந்த தாங்கிப் பட்டையில் வைத்தேன். நட்டில் ஒட்டியிருந்ததை முந்தானையால் சுத்தமாக ஒற்றி எடுத்தேன். விரலில் மிச்சம் இருந்தது, எங்கே துடைப்பதென்று தெரியாமல் விழித்தேன். "கையில வச்சுக்கிட்டு நிக்காத" என்று தாளாளரின் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து, அதை என் நெற்றியிலேயே இழுத்துவிட்டார்.

எஞ்சின் பற்றியது. ஐடிலுக்கு விட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு நிமிடம். குழுத் தலைவர், "போதும்மா, போதும், நிறுத்துங்க" என்று சொல்லும்வரை நிறுத்தவில்லை. எனக்கு நிறுத்தப் பயமாக இருந்தது.

"என்ன பழுது?" என்று கேட்டார்.

"தூசி சார்."

அறிக்கைக்காக எடுத்த போட்டோவில் நான் சிலுவைச் சங்கிலியும் சந்தனப் பொட்டுமாக, பேயைப் பார்த்தவள்போல் நிற்கிறேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஆள் வச்சிருக்க போல" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், தூசி என்று பொய் சொன்னதைச் சொன்னேன். ஃபாதர் "எஞ்சின் ஓடுச்சா?" என்றார். "ஓடுச்சு ஃபாதர்" என்றேன். "அப்ப அடுத்த பாவத்தைச் சொல்லும்மா, பின்னாடி கூட்டம் நிக்குது" என்றார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. கல்லூரியைப் பொறுத்தவரை என்ன நடந்தது? சன்னாசி லீவு போட்டார், எஞ்சின் ஓடியது. துறைத்தலைவர் எல்லாரிடமும் என் நோட்டைப் புகழ்ந்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. உண்மையைச் சொல்லலாம் என்று போனால், எஞ்சினுக்குள் சந்தனம் வைத்ததற்கு அண்ணனுக்கு மெமோ வரும். வைக்கச் சொன்னவருக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. பேசாமல் இருந்தாலோ, ராசி போனவர் என்ற பெயர் அவரிடமே நிற்கும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரிடமே போய்ச் சொன்னேன். கண், நட்டு, வெள்ளை, கறுப்பு, எல்லாவற்றையும் ஒரு டீ கிளாஸைச் சுற்றிக் காட்டி விளக்கினேன். அவர் நான் நினைத்ததைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்.

"அப்போ என் ராசி ஒண்ணும் கெடலை?"

"இல்லவே இல்லண்ணே. பொட்டு இருந்த இடம்தான் தப்பு. நான் சார்ட்ட சொல்லிடவா?"

"சொல்லாத."

"ஏண்ணே?"

"பொட்டால எஞ்சின் நின்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கி ஒரு மிசினுக்கும் பொட்டு வைக்க விடமாட்டாக. நான் ஒருத்தன் ராசியில்லாதவனா இருந்துட்டுப் போறேன். பிள்ளையாருக்கு எதுக்கு தாயி அந்தப் பேரு?" பிறகு டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டுச் சிரித்தார். "அதோட, இனி இன்ஸ்பெக்சனுக்கு இன்ஸ்பெக்சன் சம்பளத்தோட லீவு. உனக்குக் கெடைக்குமா?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் பொட்டைத் தாங்கிப் பட்டையில்தான் வைத்தார். ஐடில் ஒரு நாளும் படுத்தவில்லை. அவர் பக்கத்தில் நின்று ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும் என்று நினைத்து, உள்ளே வரும்படி எத்தனையோ முறை கூப்பிட்டேன். "எதுக்கு வம்பு" என்று வாசலுக்கு வெளியேதான் நிற்பார். அதனால் என் நோட்டைப் பொய்யாக்க ஒரு சந்தர்ப்பமே வரவில்லை. நூலகத்துக்குப் புது ஜெராக்ஸ் வந்தபோது வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சன்னாசி அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கைதட்டினார். அன்றைக்கும் முகம் கழுவி, தலை சீவித்தான் வந்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சின்னவன் இடுப்பில் அழுதுகொண்டிருந்தான். அடுத்த மாதம் சன்னாசி அண்ணன் ஓய்வு பெறுகிறார். அன்றைக்கே புதிதாக வாங்கியிருக்கும் பெரிய எஞ்சினையும் முதல் தடவை ஓட்டிக் காட்டப் போகிறார்களாம். தாளாளரின் மனைவி தலைமை.

"ஒரே செலவுல ரெண்டு விழா மேடம்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர். "உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கலாம்னு. அந்த நோட்டு போட்டது நீங்கதான? எஞ்சின் ஸ்டார்ட் ஆகுற வரைக்கும் அவரைக் கேண்டீன்ல உக்கார வச்சிடலாமா? ஓட ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வந்து மாலையப் போட்டுக்கலாம்."

குழந்தை அழுகிறான், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கேண்டீனில் உட்கார வையுங்கள் என்று என் வாயால் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொடுத்த வார்த்தை போகும், அதுவும் அவருடைய கடைசி நாளில். ஒன்றும் சொல்லாமல், அவரையே பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் புது எஞ்சின் முதல் தடவையிலேயே ஓடுவது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். ஏதாவது ஒரு குழாயில் காற்று அடைத்து அது நின்றுவிட்டால், அந்த மனிதர் எதைச் சுமந்துகொண்டு ஆத்தூர் பஸ் ஏறுவார்? தன் ராசிதான் காரணம் என்று அவரே நம்பிவிட மாட்டாரா?

இதை உங்களுக்கு எழுதியதே சரியா என்றும் தெரியவில்லை. எழுதிவிட்டேன், உங்கள் நால்வரோடு இருக்கட்டும். அன்றைக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள். அது முதல் தடவையிலேயே ஓடும் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள். பதினோரு மணிக்கு மேல் சின்னவன் தூங்குவான், அப்போது கூப்பிட்டால் எடுத்துவிடுவேன்.